பழைய படகும் புதிய பாடமும்



ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது இயந்திரவியல் டிப்ளமா. பணி செய்தது கேரேஜ் அண்டு வேகன் பிரிவில். ஒரு வண்டி புறப்படுவதற்கு முன் அதன் சக்கரம், ஸ்பிரிங், பிரேக், இணைப்பு எல்லாவற்றையும் பார்த்து, "இந்த வண்டி ஓடத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆயிரம் பேர் இரவு முழுவதும் கண்மூடித் தூங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட நான், ஒரு பழைய பாய்ப்படகை வாங்கியபோது, என் தொழிலையே மறந்துவிட்டேன். அந்தத் தவற்றையும், அதிலிருந்து கற்றதையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. பழைய ஸ்கூட்டரோ, தண்ணீர் மோட்டாரோ வாங்குகிறவர்களுக்கும் இதில் ஏதாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

படகு வந்த கதை

என் தந்தையார் தூத்துக்குடியில் பாய்த்தோணியில் வேலை செய்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்று திரும்புவார். பாய் விரித்த தோணி கரையை விட்டு நகர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் பிழைப்பு என்னைத் தண்டவாளத்துக்கு இழுத்து வந்துவிட்டது. ஓய்வுக்குப் பின் மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் கடைவீதிக்குப் பின்னால், மகள் குடும்பத்துடன் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பேரனுக்குத் தண்ணீர் என்றால் உயிர்.

ஊரை விட்டுப் போகும் ஒருவர் தம் சிறிய பாய்ப்படகை டிரெய்லருடன் விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். "மூன்று வருடமாகத் தண்ணீரில் இறக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். என் காதில் அது ஏறவில்லை. புதிதாகப் பூசிய வெள்ளை வர்ணமும் நீலநிறப் பாயும்தான் என் கண்ணில் நின்றன. ஆனி மாத மழையில் படகு எங்கள் பக்கத்துப் பண்டகசாலை முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. ஓணம் விடுமுறையில் பேரனை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் என்று நாளும் குறித்துவிட்டேன்.

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒரு கூட்ஸ் வண்டியை விடுறதுக்கு முன்னாடி எத்தனை தடவை சுத்திச் சுத்திப் பார்ப்பீங்க? புள்ளைய ஏத்துற வண்டிய மட்டும் பார்க்காமலே விடப் போறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படகுக்குத் தகுதிச் சான்று கேட்டால் நான் கையெழுத்துப் போடுவேனா? போட மாட்டேன். அதைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. மறுநாள் காலை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

எந்த வகைப் படகு?

எந்த இயந்திரமானாலும் முதலில் அதன் வகையை அறிய வேண்டும். பாயில் இருந்த 'ஈ' என்ற ஆங்கில எழுத்து, இது என்டர்பிரைஸ் வகை என்று காட்டியது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956-இல் வடிவமைத்தது. நியூஸ் கிரானிக்கிள் என்ற லண்டன் பத்திரிகை இதற்கு ஆதரவு தந்தது. நீலப் பாய் இந்த வகைப் படகின் மரபு. நீளம் சுமார் 4 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், வெறும் உடலின் எடை சுமார் 90 கிலோ. இரண்டு பேர் செலுத்தலாம். ஆரம்பத்தில் பிளைவுட் பலகையில் செய்தார்கள். பின்னர் கண்ணாடி இழையிலும் செய்யத் தொடங்கினார்கள். என்னுடையது கண்ணாடி இழை.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் பாய்ப்படகுப் போட்டிகள் பம்பாயில் நடந்தபோது என்டர்பிரைஸ் வகையும் அதில் இடம்பெற்றது. சென்னையில் 1911-இலேயே பாய்ப்படகுக் கழகம் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னைத் துறைமுகத்தை உருவாக்கிய அவரும் ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர்தான் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது!

வகை தெரிந்ததால் ஒரு பெரிய நன்மை உண்டு. "இது எப்படி இருக்க வேண்டும்" என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. அந்த 90 கிலோ என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்தால் பாதி வேலை

பெயர் தெரியாத பாகத்தைப் பரிசோதிக்க முடியாது. பேரனை உட்கார வைத்து, படகின் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதினோம். அவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும் சரளம். தமிழ் வீட்டுப் பேச்சு மட்டும். ஆகவே என் தந்தையார் சொன்ன சொற்களையே எழுதச் சொன்னேன்.

முன்பக்கம் அணியம். நிற்கும் கம்பம் பாய்மரம். திசை திருப்புவது சுக்கான். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு தாமான். தோணியில் பாய் கட்டும் குறுக்குக் கட்டைக்குப் பருமல் என்று பெயர். எங்கள் படகில் பாயின் அடியில் இருக்கும் கட்டையையும் பருமல் என்றே அழைப்பது என்று முடிவு செய்தோம். படகின் நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகைக்கு நடுப்பலகை என்று நாங்களே பெயர் வைத்தோம்.

"இந்தப் பலகை எதுக்குத் தாத்தா?" என்று கேட்டான். ரயில் சக்கரத்தின் உள்விளிம்பை உதாரணம் சொன்னேன். அந்த விளிம்பு சக்கரத்தை முன்னும் பின்னும் உருள விடும். பக்கவாட்டில் விலக விடாது. நடுப்பலகையும் அப்படியே. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது, பலகை நீரைப் பற்றிக்கொண்டு, பக்கமாக நகராதே என்கிறது. படகுக்கு முன்னே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு இடையில் அழுத்தினால் முன்னே தெறிக்கிறதல்லவா? ஒரு விரல் காற்று, மற்றொரு விரல் நீர். இதனால்தான் பாய்ப்படகு காற்று வரும் பக்கம் நோக்கிக்கூடச் சாய்வாக முன்னேறுகிறது. காற்றுக்கு நேர் எதிரே மட்டும் போக முடியாது. அதன் இருபுறமும் ஏறத்தாழ 45 டிகிரி விலகி, வளைந்து வளைந்துதான் போக வேண்டும்.

தட்டிப் பார்த்தல்

ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி ஒலி கேட்பதை ரயில் நிலையத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். கண்ணாடி இழைக்கும் இதே முறை. இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் ஒட்டியதுதான் படகின் உடல். அடுக்குகள் பிரிந்திருந்தால் மேலே வர்ணம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். மரச் சுத்தியின் கைப்பிடியால் கையகலத்துக்கு ஓர் இடமாகத் தட்டி, மந்தமான இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம். மற்ற இடமெல்லாம் "டக் டக்" என்றது. வலப்பக்கத்தில், நடுப்பலகைக்கு அருகே, ஒரு முழம் நீளத்துக்கு "தொம் தொம்" என்றது. சாக்பீஸ் வட்டங்கள் அங்கே நெருங்கி விழுந்தன.

எடை சொன்ன உண்மை

வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி இருந்தால் போதும், படகையும் நிறுத்துவிடலாம். பாய்மரம், பருமல், சுக்கான் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அணியத்தின் கீழ் ஒரு கட்டை, பின்முனையின் கீழ் ஒரு கட்டை. ஒரு முனையில் மட்டும் கட்டைக்கு அடியில் எடைக்கருவி. படகு மட்டமாக இருக்கும்படி மறுமுனையை உயர்த்தி, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கட்டைகளின் இடத்தை மாற்றாமல் கருவியை மறுமுனைக்குக் கொண்டுபோய் அதையும் குறிக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை.

அணியத்தில் 54, பின்முனையில் 67. மொத்தம் 121 கிலோ!

90 எங்கே, 121 எங்கே? நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த 31 கிலோ எங்கே ஒளிந்திருக்கிறது?

மூச்சுச் சோதனை

இவ்வகைப் படகில் பக்கங்களில் மூடிய காற்றுத் தொட்டிகள் உண்டு. படகு கவிழ்ந்து உள்ளே நீர் நிறைந்தாலும் அதை மிதக்கச் செய்பவை இவைதான். கணக்கு எளிது. நீருக்குள் அமிழும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். அந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் தாங்கும் சக்தி போய்விடும்.

தொட்டியின் வடிகால் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. வேறொருவராக இருந்தால் அத்துடன் திருப்தி அடைந்திருப்பார். பிரேக் குழாய்களில் கசிவு தேடிப் பழகிய நான் இன்னொரு சோதனை செய்தேன். வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயை இறுக்கமாகப் பொருத்தி, அதன் கிளை ஒன்றில் 'யு' வடிவில் வளைத்த தெளிவான பிளாஸ்டிக் குழாயில் பாதி நீர் ஊற்றி வைத்தேன். மற்றொரு கிளை வழியாக வாயால் மெதுவாக ஊதினால் நீர்மட்டம் ஒரு பக்கம் உயரும். பத்து சென்டிமீட்டர் உயர்ந்ததும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் பம்பு வேண்டாம். அழுத்தம் அதிகமானால் நல்ல தொட்டியும் பிளந்துவிடும்.

இடப்பக்கத் தொட்டியில் நீர்மட்டம் அசையாமல் நின்றது. வலப்பக்கத்தில் நான் மூச்சு வாங்குவதற்குள் இறங்கிவிட்டது. மூட்டுகளில் சோப்பு நீர் தடவிய பேரன், "தாத்தா, இங்க குமிழி வருது!" என்று கத்தினான். சாக்பீஸ் வட்டங்கள் போட்ட அதே இடம். வர்ணத்துக்குக் கீழே தொட்டியும் அடித்தளமும் சேரும் மூட்டு ஒரு சாண் நீளத்துக்கு விரிந்திருந்தது.

மேல்தட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை வெட்டிப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்த நுரைப்பஞ்சு முழுவதும் நீரைக் குடித்து, ஊறிய இட்லிபோல் கனத்துக் கிடந்தது. வடிகாலில் நீர் வராததன் ரகசியம் இதுதான். வெளியே எடுத்து நிறுத்தேன். 26 கிலோ. மீதி வித்தியாசம், ஆண்டுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய வர்ணமும் பழைய ஒட்டுவேலையும்.

அன்று மாலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓணத்தன்று காற்று ஒரு தட்டு தட்டிப் படகு சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் மிதக்கும், வலப்பக்கம் அமிழும். நிமிர்த்த நிமிர்த்த மறுபடி புரளும் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளையும் ஒரு கிழவனும். கேரளத்தில் நடந்த படகு விபத்துகளை நாம் மறக்க முடியாது. 2009-இல் தேக்கடியில் 45 பேர், 2023-இல் தானூரில் 22 பேர். செய்தியாகப் படிக்கும்போது, "யாரும் சரியாகப் பார்க்கவில்லையா?" என்று நானும் கேட்டவன்தான். என் சொந்தப் படகை நானே பார்க்கவில்லையே!

பழுது நீக்கம்

மழைக்காலத்தில் தொட்டி காய ஆறு வாரம் ஆயிற்று. துளை வழியே சிறிய மின்விசிறி வைத்துக் காற்றை ஓடவிட்டேன். விரிந்த மூட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மூன்று அடுக்கு இழைத் துணியை எபாக்சி பிசினில் ஒட்டினேன். தேய்க்கும்போது முகமூடியும் கையுறையும் அவசியம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நுரைப்பஞ்சுக்குப் பதில் இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்கள் நாற்பதை இறுக மூடி, வட்டத் துளை வழியே உள்ளே அடுக்கினேன். இனி தொட்டி கசிந்தாலும் பாட்டில்கள் சுமார் 80 கிலோவைத் தாங்கும். இரண்டாவது பாதுகாப்பு என்பது ரயில்வே கற்றுத்தந்த பாடம். வட்டத் துளைக்குத் திருகு மூடி போட்டாயிற்று. மறுபடி ஊதிப் பார்த்தேன். நீர்மட்டம் நின்றது. மறுபடி நிறுத்தேன். 98 கிலோ. வட்டம் போட்ட எண்ணுக்குக் கீழே இதையும் எழுதினேன்.

கம்பி, பாய், சக்கரம்

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளைப் பழைய பருத்தி வேட்டித் துண்டால் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை இழுத்து வாருங்கள். வெறுங்கை வேண்டாம். புரி ஒன்று அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். எங்கள் இடக்கம்பியில் மாட்டியது. இரண்டு கம்பிகளையும் சேர்த்தே மாற்றினேன். ஒரே வயதுடையவை ஒரே காலத்தில்தான் சாகும்.

அலுமினியப் பாய்மரத்தில் எஃகு ஆணி சேரும் இடங்களைப் பாருங்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகங்கள் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். பொடி தெரிந்தால் ஆணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பாய்த்துணி, நம் தலைமுறை சட்டை தைத்துப் போட்ட டெரிலின் வகையைச் சேர்ந்ததுதான். வெயிலில் துணிக்கு முன் தையல்நூல் இற்றுப்போகும். தையலை நகத்தால் அழுத்திக் கீறினால் நூல் பொடிந்து வருகிறதா என்று பாருங்கள். எங்கள் பாயில் பொடிந்தது. மட்டாஞ்சேரியில் தார்ப்பாய் தைக்கும் கடையில் கொடுத்து எல்லாத் தையலையும் மறுபடி ஓட்டி வாங்கினேன்.

டிரெய்லரின் சக்கரங்களைக் கழற்றி பேரிங்கைக் கழுவிப் புதிய கிரீஸ் அடைத்தேன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாலையில் ஓடிய பேரிங் சூடாக இருக்கும். அப்படியே உப்புநீருக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துருதான். ஆகவே கரை சேர்ந்ததும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பின்பே இறக்க வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

டிரெய்லரில் படகைப் பின்தள்ளி வைத்தால் வேகத்தில் வால் ஆடும். காரின் கொக்கியின்மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பாரம் விழும்படி படகை முன்னே நகர்த்திக் கட்டுவது நல்லது.

இன்னொன்று, இது உயிர் விஷயம். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ரயில்பாதையில் 25,000 வோல்ட் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்பது எங்கள் விதி. நம் ஊர்க் கரையோரங்களில் மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்கும். மரத்தை நிமிர்த்துவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். நிமிர்த்திய படகை டிரெய்லரில் தள்ளிக்கொண்டு போகும் வழியெல்லாம் பாருங்கள். சாலையில் போகும்போது மரம் படுத்தே இருக்கட்டும்.

எங்கே இறக்குவது?

வீட்டு வாசலிலேயே காயல் இருக்க, அதில் இறக்காமல் நாங்கள் கும்பளங்கிக்குப் போனோம். காரணம் உண்டு. மட்டாஞ்சேரிக்கு எதிரே ஓடுவது துறைமுகக் கால்வாய். சர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் வந்து, முகத்துவார மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தி, 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பலை உள்ளே வரச் செய்தார். வெட்டிய மண்ணில் எழுந்ததே வெலிங்டன் தீவு. அன்று முதல் இது கப்பல்களின் வழி. கொச்சியில் வேலி ஏற்றம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். ஆனால் அவ்வளவு பெரிய காயல் முழுவதும் ஒரு குறுகிய வாய் வழியே மூச்சு விடுவதால் நீரோட்டம் கடுமை. சீனவலைகளும் படகுப் போக்குவரத்தும் வேறு. கற்றுக்குட்டிக்கு அது இடமல்ல. எந்த நீரில் எந்தப் படகை விடலாம் என்பதற்கு விதிகளும் உண்டு. துறைமுக அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

தோப்பும்படி, பள்ளுருத்தி வழியாகச் சென்றால் கும்பளங்கியில் மார்பளவு ஆழமுள்ள அமைதியான காயல் பகுதிகள் உண்டு. மழைக்காலத்தில் மிதந்து வரும் ஆகாயத்தாமரை நடுப்பலகையிலும் சுக்கானிலும் சிக்கும். டிசம்பரில் அது குறைந்துவிடும். காலையில் காற்று மெலிந்திருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழும். எனவே கிறிஸ்துமஸ் விடுமுறையில், காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவிழ்த்துப் பார்த்தல்

முதல் நாள் பேரனைக் கரையில் உட்கார வைத்துவிட்டேன். அவனுக்குக் கோபம். அந்தப் பகுதி மீனவர் ஒருவரைத் துணைக்கு அழைத்தேன். இருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தோம்.

முதலில் பாய்மரம் இல்லாமல் அரை மணி நேரம் மிதக்கவிட்டோம். உள்ளே ஈரம் இல்லை. அடுத்து வாளியால் நீர் மொண்டு படகுக்குள்ளேயே ஊற்றினோம். "சாரே, படகிலிருந்து தண்ணீரை இறைப்பார்கள், நீங்கள் ஊற்றுகிறீர்களே!" என்று அவர் சிரித்தார். படகு நிறைந்தது, ஆனாலும் மட்டமாக மிதந்தது. வலப்பக்கம் அமிழவில்லை. அந்த ஒரு காட்சிக்காகத்தான் ஆறு மாதம் காத்திருந்தேன்.

பிறகு பாய்மரம் ஏற்றி, வேண்டுமென்றே கவிழ்த்தோம். மர நுனியில் காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை இறுக மூடிக் கட்டியிருந்ததால் படகு தலைகீழாகப் புரளவில்லை. நிமிர்த்தும் முறை இதுதான். முதலில் துணை இருக்கிறாரா, கயிற்றில் சிக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். தாமானை முழுவதும் தளர்த்துங்கள். அணியத்தைக் காற்று வரும் பக்கம் திருப்புங்கள். ஒருவர் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, முன்பாயின் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். மற்றவர் படகின் உள்பக்கத்தைப் பிடித்து மிதந்தால், படகு நிமிரும்போது அவரையும் அள்ளிக்கொண்டு வரும். என்ன நடந்தாலும் படகை விட்டு நீந்திக் கரைக்குப் போக முயலாதீர்கள். படகுதான் மிதவை, தேடுபவர் கண்ணிலும் அதுவே படும்.

நான்கு முறை கவிழ்த்தோம். முதல் முறை நிமிர்த்தப் பத்து நிமிடம், நான்காம் முறை இரண்டு நிமிடம். மறுநாள் இதே பயிற்சியைப் பேரனுடன் மார்பளவு நீரில் செய்தேன். கவிழ்வது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. பயம் தெளிந்த பிறகே பாய் விரிக்க அனுமதித்தேன்.

வெள்ளோட்டம்

மூன்றாம் நாள் பாய் விரித்தோம். சுக்கான் என் கையில், தாமான் அவன் கையில். ஒரு மணி நேரம் சுகமாக ஓடியது. வெயில் ஏறக் கடற்காற்று கிளம்பியது. தென்னந்தோப்பு ஒன்றைக் கடந்து திறந்தவெளிக்கு வந்ததும் காற்று திடீரென்று மோதியது. படகு சரேலென்று சாய்ந்தது. அந்த நொடியில் என் வாயில் ஆங்கிலமும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை. "தாமானை விடு!" என்று கத்தினேன். பையன் பட்டென்று விட்டான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்தது.

"தாத்தா, கயித்துக்கு நாம பேர் வெச்சது நல்லதாப் போச்சு" என்றான்.

காற்று மிகுந்தால் முதலில் தாமானைத் தளர்த்து என்பதே பாய்ப்படகின் முதல் விதி. இரண்டாவது விதி, கிளம்புவதற்கு முன்பே காற்றை அறிவது. பியூபோர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1805-இல் வகுத்த அளவையில், நான்காம் எண் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகம். திறந்த நீரில் வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி தெரியும். காயலில் அலை குறைவாகத் தெரிந்தாலும் காற்று அதே காற்றுதான். தென்னை ஓலைகளையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அளவு காற்று எழுந்தால் நாங்கள் கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவோம்.

கொச்சி 2008 டிசம்பரில் உலகைச் சுற்றும் வால்வோ பாய்ப்படகுப் பந்தயத்தை வரவேற்ற ஊர். 2013-இல், எங்கும் நிற்காமல், எவர் துணையுமின்றி, 'மாதேயி' என்ற பாய்ப்படகில் தனியாக உலகைச் சுற்றி முடித்த அபிலாஷ் டோமி கேரளத்தைச் சேர்ந்தவர். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வரட்டும். ஆனால் ஆசையைக் காட்டுவதற்கு முன் படகைத் தட்டிப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், ஊதிப் பாருங்கள், கவிழ்த்துப் பாருங்கள். புது வர்ணத்தை நம்பாதீர்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வெள்ளோட்டத்துக்கு முன்தின இரவு, "ஓடத் தகுதியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணி ஓய்வுக்குப் பின் நான் போட்ட முதல் தகுதிச் சான்று அது. என் மனைவி அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, நானும் ஒரு நாள் வர்றேன்" என்றாள். அவளுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.